"அப்பாவுக்கே கணக்கு வராது, உனக்கு எப்படி வரும்?" மூளை வளர்ச்சியில் மரபணு எவ்வளவு முடிவு செய்கிறது?

தேர்வு முடிவுகள் வந்த வாரம். உறவினர் வீட்டில் விருந்து. தட்டில் பிரியாணியைப் போட்டுக்கொண்டே பெரியம்மா கேட்கிறார்:

"கணக்குல எவ்வளவு?"

மதிப்பெண்ணைச் சொல்கிறீர்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வருகிறது அந்த வசனம்.

"பரவாயில்ல விடு. உங்க அப்பாவுக்கே கணக்கு வராது, உனக்கு மட்டும் எப்படி வரும்? எல்லாம் ரத்தத்துல இருக்கு."

பெரியம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் 13, 14 வயதில் இதைக் கேட்கும் ஒருவர், "சரி, நம்ம மூளை அவ்வளவுதான்" என்று அன்றே முடிவுகட்டிவிடலாம். அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்பதைக்கூட அந்த ஒரு வரி தீர்மானித்துவிடும்.

பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் பிரச்சினை. பிள்ளைகள், பதின்ம வயதினரின் மூளை வளர்ச்சியில் மரபணுக்கள் உண்மையில் என்ன செய்கின்றன? பார்ப்போம்.

மரபணு மூளைக்குள் என்ன வேலை பார்க்கிறது?

மனிதர்களிடம் புரதங்களை உருவாக்க உதவும் மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வாழ்க்கையின் ஏதாவது ஒரு கட்டத்தில் மூளையில் வேலை செய்கின்றன.

ஒரு மரபணு தருவது ஒரு புரதத்துக்கான குறிப்பு மட்டுமே. அந்தப் புரதம் எங்கே, எப்போது, எவ்வளவு தேவை என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் டிஎன்ஏவில் உண்டு. "கணக்கு வரும்", "சோம்பேறி" என்றெல்லாம் எந்த மரபணுவிலும் எழுதப்படவில்லை.

கருவில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. எந்த உயிரணு நரம்பணுவாக மாற வேண்டும், அது எங்கே நகர வேண்டும், எதனுடன் இணைய வேண்டும் என்பதற்கெல்லாம் மரபணுக்கள் வழிகாட்டுகின்றன. பெரியவர் ஒருவரின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. சிந்தனைக்கு முக்கியமான மேற்பட்டைப் பகுதியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே தயாராகிவிடுகின்றன.

இப்படி யோசித்துப் பாருங்கள். உங்கள் புளோக்கில் உள்ள நான்கறை வீவக வீடுகள் பலவற்றுக்கு ஒரே வரைபடம்தான். ஆனால் மூன்றாம் மாடி வீடும் பத்தாம் மாடி வீடும் உள்ளே போனால் ஒரே மாதிரியா இருக்கின்றன? சமையலறை வேறு, அலமாரி வேறு, வெளிச்சம் வேறு.

மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம்: இந்த வீட்டில் புதுப்பிப்புப் பணி செய்யும் குத்தகையாளர் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவதே இல்லை. மரபணுக்கள் வாழ்நாள் முழுவதும், சுற்றி நடப்பதற்கு ஏற்ப வேலையைக் கூட்டியும் குறைத்தும் செய்துகொண்டே இருக்கின்றன.

பதின்ம வயதில் மூளைக்கு என்ன ஆகிறது?

6 வயதிலேயே பிள்ளையின் மூளை, பெரியவரின் மூளை அளவில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அப்படின்னா அதற்குப் பிறகு வளர்ச்சி இல்லையா?

இருக்கிறது. ஆனால் அளவு கூடுவதைவிட உள்ளே நடக்கும் சீரமைப்புதான் பெரிய வேலை. அதில் இரண்டு பகுதிகள் உண்டு.

• கத்தரிப்பு: பிள்ளைப் பருவத்தில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மிஞ்சிய இணைப்புகள் உருவாகின்றன. இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, இணைப்புகளை எண்ணி, 1979இல் அதைக் காட்டியவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லோக்கர். அதிகம் பயன்படும் இணைப்புகள் வலுவாகின்றன. பயன்படாதவை பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் மெல்ல நீக்கப்படுகின்றன.

• உறை போடுதல்: நரம்பணுக்களின் நீண்ட இழைகளைச் சுற்றி மயலின் எனும் கொழுப்பு உறை படிகிறது. மின்கம்பிக்கு உறை போடுவதைப் போல. அதன் பிறகு சமிக்ஞைகள் பல மடங்கு வேகமாகப் பாய்கின்றன.

1999இல் ஜே கீட் எனும் மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் செய்த ஆய்வு இதை உயிருள்ள மூளைகளிலேயே காட்டியது. அதே பிள்ளைகளை மீண்டும் மீண்டும் எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் உள்ள சாம்பல் நிறப் பகுதி பூப்புப் பருவத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்குவது தெரிந்தது. அந்தக் குறைவு இயல்பான சீரமைப்பின் ஒரு பகுதி. சேதம் என்று பயப்பட வேண்டாம்.

எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் முதிர்வதும் இல்லை. பார்வை, தொடுவுணர்வு போன்றவற்றுக்கான பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி கடைசியில் வருகிறது. திட்டமிடுவது, அவசரத்தை அடக்குவது, பின்விளைவை யோசிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. நாளைக்குத் தேர்வு என்று தெரிந்தும் நள்ளிரவு 1 மணிக்கு "இன்னும் ஒரே ஒரு வீடியோ" என்று நீங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கால அட்டவணையிலும் மரபணுவின் கை இருக்கிறது. 2022இல் வெளியான ஓர் அனைத்துலக ஆய்வு, 4 வயதிலிருந்து 99 வயது வரையிலான 15,000க்கும் அதிகமானோரின் மூளைப் படங்களை ஒப்பிட்டது. மூளை எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதோடு தொடர்புடைய மரபணுக்களை அது கண்டுபிடித்தது. ஒரே வகுப்பில் ஒருவர் சீக்கிரம் நிதானமாவதும் இன்னொருவருக்குக் கொஞ்சம் நாளாவதும் இயல்புதான்.

அப்போ 25 வயதில் மூளை 'முழுமை' அடைகிறதா?

இணையத்தில் இதை எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் 25ஆவது பிறந்தநாளில் மூளைக்குள் எந்த சுவிட்சும் தட்டப்படுவதில்லை. மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்பகுதியில் முப்பது வயதைத் தாண்டியும் மாற்றம் தொடர்கிறது. ஆளுக்கு ஆள் வேகமும் மாறுகிறது. 25 என்பது தோராயமான ஓர் எண். அவ்வளவுதான்.

"மரபுவழி 66 விழுக்காடு" என்றால் என்ன?

பெரியம்மாவின் கூற்றில் இருக்கும் பாதி உண்மை இங்கேதான் வருகிறது.

ஒரே கருமுட்டையிலிருந்து பிறக்கும் இரட்டையர்களுக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றே. இரு கருமுட்டைகளிலிருந்து பிறக்கும் இரட்டையர்கள் மற்ற உடன்பிறப்புகளைப் போலத்தான். இந்த இரு வகையினரையும் ஒப்பிட்டால், ஒரு பண்பில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்று கணிக்கலாம்.

நான்கு நாடுகளைச் சேர்ந்த சுமார் 11,000 இரட்டையர் இணைகளின் தரவு 2010இல் வெளியானது. பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில், மரபுவழிப் பங்கு இப்படி இருந்தது:

• 9 வயதில் 41 விழுக்காடு
• 12 வயதில் 55 விழுக்காடு
• 17 வயதில் 66 விழுக்காடு

வயது ஏற ஏற மரபணுவின் பங்கு கூடுகிறது! "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று பெரியம்மா சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள். இந்த எண்களைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள்.

முதலாவது: 66 விழுக்காடு என்பது "உங்கள் அறிவில் 66 விழுக்காடு மரபணுவிலிருந்து வந்தது" என்று பொருள்படாது. அந்தக் குழுவில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடுகளில், எவ்வளவு பங்கு மரபணு வேறுபாடுகளோடு தொடர்புடையது என்பதுதான் கணக்கு. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். தனி ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்லாது.

இரண்டாவது: ஏன் கூடுகிறது? 5 வயதில் உங்கள் சூழலைப் பெரும்பாலும் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். 15 வயதில் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். வாசிப்பில் சின்ன ஆர்வம் உள்ள பிள்ளை நூலகத்துக்குப் போகிறது, வாசிக்கும் நண்பர்களைத் தேடுகிறது, இன்னும் வாசிக்கிறது. தொடக்கத்தில் இருந்த சிறு வித்தியாசம், செலவழித்த நேரத்தால் பெரிதாகிறது. ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம் இது. கணக்கில் அது "மரபணு" என்று பதிவாகும். ஆனால் இடையில் இருப்பது பழக்கம்.

மூன்றாவது: மரபுவழிப் பங்கு அதிகம் என்றால் மாற்றவே முடியாது என்று அர்த்தம் இல்லை. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபுவழிப் பங்கு சுமார் 80 விழுக்காடு. ஆனால் 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம்! நூறு ஆண்டில் மரபணுக்கள் அவ்வளவு மாறியிருக்க முடியாது. மாறியது உணவும் சுகாதாரமும்.

ஒரு மரபணு மூளையைப் பாதித்தால்?

சில நேரங்களில் ஒரே ஒரு மரபணுவே பெரிய வேலை செய்துவிடும். அதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஜி6பிடி குறைபாடு.

சிவப்பு ரத்த அணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி இவர்களுக்குக் குறைவு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. துணி அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டை, சில மருந்துகள், சில பாரம்பரிய மூலிகைகள் போன்றவை இவர்களின் ரத்த அணுக்களை உடைத்துவிடலாம்.

பச்சிளங்குழந்தைக்கு அப்படி நடந்தால் கடுமையான மஞ்சள்காமாலை வரும். பிலிருபின் எனும் மஞ்சள் நிறப்பொருள் மூளைக்குள் படிந்து நிரந்தர பாதிப்பை ஏற்படுத்தலாம். செவித்திறன் போகலாம். உயிரும் போகலாம்.

சிங்கப்பூர் 1965இல் ஒரு காரியம் செய்தது. பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கியது. குறைபாடு இருந்தால் குழந்தையைக் கூடுதல் கவனத்துடன் கண்காணிப்பார்கள். மஞ்சள்காமாலை கூடினால் உடனே ஒளிச்சிகிச்சை. எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று பெற்றோருக்கு ஒரு பட்டியல். மஞ்சள்காமாலையால் வரும் அந்த மூளைப் பாதிப்பு இங்கே அரிதாகிவிட்டது.

கவனித்தீர்களா? மரபணு மாறவில்லை. பிள்ளையின் மூளை காப்பாற்றப்பட்டது.

கணக்கு, வாசிப்பு, கவனம் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே ஒரு மரபணு இல்லை, ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றின் தாக்கமும் மிக மிகச் சிறியது.

சூழல் எந்த அளவுக்கு மரபணுவோடு கலக்கிறது?

இதற்கும் ஓர் உள்ளூர் ஆய்வு பதில் சொல்கிறது. 2009இல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் 1,200க்கும் அதிகமான கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய கஸ்டோ ஆய்வு அது. சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் அதில் பங்கேற்றார்கள். அந்தப் பிள்ளைகள் வளர வளர ஆய்வும் கூடவே தொடர்கிறது.

மரபணுக்களின் மேல் சிறு வேதிக்குறிகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணு அதிகம் வேலை செய்வதா, அடங்கி இருப்பதா என்பதோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு. கஸ்டோ குழந்தைகள் 237 பேரின் தொப்புள்கொடித் திசுவில், அந்தக் குறிகள் ஆளுக்கு ஆள் மாறுபடும் 1,423 இடங்களை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அதன் முடிவு 2014இல் வெளியானது.

சுமார் 25 விழுக்காட்டு இடங்களில் மரபணு மட்டுமே வேறுபாட்டை நன்றாக விளக்கியது. மீதி 75 விழுக்காட்டில் சிறந்த விளக்கம் தந்தது, மரபணுவும் கருப்பைச் சூழலும் சேர்ந்த கூட்டணி. தாயின் உடல் எடை, மனநிலை, குழந்தையின் பிறப்பு எடை போன்றவை அந்தச் சூழலில் அடங்கும். இது மூளைத் திசுவில் எடுத்த அளவீடு இல்லை. ஆனால் "மரபணுவா, வளர்ப்பா?" என்ற பட்டிமன்றத் தலைப்பே சரியில்லை என்று அது காட்டிவிட்டது.

சூழல் மிக மோசமானால் என்ன ஆகும்? ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு அதைச் சொல்கிறது. காப்பகங்களில் வளர்ந்த 136 சின்னஞ்சிறு பிள்ளைகளில் பாதிப் பேர், குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அவர்களின் அறிவுத்திறன் அளவுகள் காப்பகத்தில் தொடர்ந்தவர்களைவிட மேம்பட்டன. சீக்கிரம் குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பலன் அதிகம்.

பள்ளிக்கூடமும் ஒரு சூழல்தான். 600,000க்கும் அதிகமானோரின் தரவைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வின்படி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அறிவுத்திறன் அளவை 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்த்துகிறது.

மனநலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பதின்ம வயதில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டில் மரபுவழிப் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. "அடிச்சு வளர்த்தா சரியாகிடும்" என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில். 2007இல் வெளியான ஓர் எம்ஆர்ஐ ஆய்வில், மூளையின் மேற்பட்டை உச்சத் தடிமனை எட்டும் நடுத்தர வயது மற்ற பிள்ளைகளுக்கு 7.5ஆக இருந்தது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அது 10.5. வளர்ச்சியின் வரிசை ஒன்றே. நேரம்தான் தாமதம்.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. ஏன் அந்த வயது? 2016இல் ஒரு துப்பு கிடைத்தது. சி4 எனும் மரபணுவின் சில வடிவங்கள் அந்த நோயின் அபாயத்தைச் சற்றே கூட்டுகின்றன. எலிகளில் அதே மரபணு, மேலே பார்த்த கத்தரிப்பு வேலையில் பங்கு வகிக்கிறது. கத்தரிப்பு அளவு மீறிப் போவது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அதனால் வலுவடைந்தது.

குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் இருந்தால் உங்களுக்கும் கட்டாயம் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. அபாயம் கொஞ்சம் கூடலாம். ஆகவே, தூக்கம், மனநிலை, சிந்தனை ஆகியவற்றில் பெரிய மாற்றம் தெரிந்தால் சீக்கிரம் உதவி கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. சிங்கப்பூரில் 1771 எனும் தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

பிள்ளையின் 'திறமை'யைச் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை வாங்கலாமா?

"எச்சில் மாதிரி அனுப்புங்கள், உங்கள் பிள்ளை கணக்கில் கெட்டியா, இசையில் கெட்டியா என்று சொல்கிறோம்." இணையத்தில் இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பெற்றோர் பார்த்திருக்கலாம். பணம் கட்டும் முன் இதைக் காட்டுங்கள்.

கல்வியும் மரபணுவும் குறித்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று 2022இல் வெளியானது. 30 லட்சம் பேரின் டிஎன்ஏவை அலசி, கல்வியோடு தொடர்புடைய கிட்டத்தட்ட 4,000 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அத்தனையையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டால், மக்களிடையே உள்ள கல்வி வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டை மட்டுமே அது விளக்குகிறது. தனி ஒரு பிள்ளை என்ன ஆவார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த 30 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதே மதிப்பெண்ணை மற்ற வம்சாவளியினருக்குப் பயன்படுத்தினால் துல்லியம் பெரிதும் குறைகிறது. இந்திய, சீன, மலாய்ப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது.

இன்னொரு சுவாரஸ்யம். ஐஸ்லாந்தில் 2018இல் வெளியான ஆய்வு, பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வராமல் போன மரபணு வடிவங்களைப் பார்த்தது. அவையும் பிள்ளையின் கல்வியோடு தொடர்புடையவையாக இருந்தன! வந்து சேர்ந்த வடிவங்களின் தாக்கத்தில் சுமார் 30 விழுக்காடு அளவுக்கு. பிள்ளையின் உடம்பிலேயே இல்லாத மரபணு எப்படி வேலை செய்யும்? பெற்றோரின் பழக்கங்கள் வழியாக, அவர்கள் உருவாக்கும் வீட்டுச் சூழல் வழியாக. அப்பா அம்மாவிடமிருந்து வருவது ரத்தம் மட்டுமில்லை.

சரி, பெரியம்மாவிடம் என்ன சொல்வது?

அப்பாவுக்குக் கணக்கு வரவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதில் மரபணுவுக்குச் சிறு பங்கு இருந்திருக்கலாம். அவருக்குக் கிடைத்த ஆசிரியர், வீட்டுச் சூழல், படிக்க நேரம் இருந்ததா, "உனக்கு வராது" என்று அவரிடமும் யாராவது சொன்னார்களா என்பதெல்லாம் அந்தக் கதையில் இருக்கும்.

உங்கள் மூளை இப்போது எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் தினமும் செய்யும் வேலையைப் பார்த்துத்தான் அதில் ஒரு பகுதியை அது முடிவு செய்கிறது. பதின்ம வயதினருக்குப் பரிந்துரைக்கப்படும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் அந்த வேலைக்குத் தேவை.

ஒரு பாடம் கடினமாக இருந்தால் அதற்குக் கூடுதல் நேரமோ, வேறு விதமாகச் சொல்லித்தரும் ஆசிரியரோ, ஒரு மருத்துவப் பரிசோதனையோ தேவைப்படலாம். சிலருக்கு முயன்ற பிறகும் அந்தப் பாடம் பிடிக்காமல் போகலாம். அதிலும் தவறில்லை. ஆனால் அதை முயன்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த விருந்தில் பெரியம்மா மறுபடியும் ஆரம்பித்தால், சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்லுங்கள்: "பெரியம்மா, வரைபடம் அப்பாவோடதுதான். வீடு இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம்."